வாரத்துக்கு ஒன்று

என் அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள், வயிற்றில் இருப்பது உன்னை உதைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நலம். இன்றைக்கு என்ற வார்த்தையை யோசித்துத்தான் போட்டேன், போன வாரம் எழுதியிருந்தால் போட்டிருக்க முடியாது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி. அம்மா பிழைத்துவிட்டாள். இப்போது பக்கத்து அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு எழுத என்ன இவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் போனில் வயிற்றுக் கோளாறு, ஆஸ்பத்திரியில் சும்மா வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொன்னேனே, அது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ அங்கே அழ ஆரம்பித்தால் இங்கே எனக்குக் குரல் வராது, அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அம்மாவுக்கு ரத்தத்தில் அந்த நோய் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். மெதுவாகப் போகிற வகை, வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், பல பேருக்கு வருஷக்கணக்கில் மருந்தே தேவைப்படாது, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று ரத்த டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொன்னார். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, மருந்து ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றால் எப்படி இருக்கும், அன்றைக்கு நீயும் நானும் பெரியம்மாவும் பேய் அறைந்த மாதிரி நின்றோமே. உன் அம்மா ஒருத்திதான் சிரித்தாள். கடைக்காரன் சரக்கு இல்லை என்று அனுப்பிவிட்ட மாதிரி இருக்கு என்றாள். பிறகு ஒரு தடவை வைட்டமின் டி மிகவும் குறைவாக இருக்கிறது, எலும்புக்கும் உடம்புக்கும் நல்லதில்லை, அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு. நான்தான் வாங்கி வருவேன், நான்தான் கையில் கொடுப்பேன். அவ்வளவு பெரிய நோய்க்கு என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அது, அதனால் ஏதோ பதக்கம் கொடுக்கிற மாதிரி கொடுப்பேன், அவளும் குனிந்து வாங்கிக்கொள்வாள். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களாகவே அவளுக்கு உடம்பு சரியில்லை. எப்போதும் தாகம், குடத்தோடு குடித்தாலும் தீராது, குடித்ததை வெளியேற்ற ஓடிக்கொண்டே இருப்பாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வயிறு கட்டிக்கொண்டுவிட்டது, படியேறினால் கால் நடுங்குகிறது. அம்மா வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா இத்தனை வருஷத்துல ஒரு லென்ஸைக் கூட மாத்திப் போட்டதில்லங்க, இந்த வாரம் ரெண்டு பேருக்கு இடது கண்ணு வலது கண்ணு மாறிப்போச்சு, ஓய்வு எடுக்கச் சொல்லுங்க என்றார். நான் டாக்டரிடம் போகலாம் என்றால் உன் அம்மா, வெயிலுங்க, எல்லாருக்கும்தான் தாகமா இருக்கு, நீங்க உங்க டிரைவிங் கிளாஸ் பிரேக்கைப் பாத்துக்குங்க என்று வாயை அடைத்துவிடுவாள். அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் ஒரு பல் டாக்டருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள், அவருக்காகச் சீக்கிரம் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா தண்ணீர்ப் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழாய் சரிபண்ண வந்தீங்களா, அந்தப் பக்கம் போங்க, பாத்ரூம்லதான் ஒழுகுது என்றாள். நான் சிரித்தேன். அவள் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கல்யாணமான நாளிலிருந்து என்னை எத்தனை தொழிலுக்கு மாற்றியிருக்கிறாள். ஆமாம்மா, கூலி என்ன தருவீங்க என்று நானும் பதிலுக்குக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள், வெளியாளுக்கு வழிவிடுகிற மாதிரி உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. அப்புறம் படுக்கையறைப் பக்கம் தலையை நீட்டி, ஏங்க, ஆள் வந்துட்டாரு, வந்து பாருங்க என்று கூப்பிட்டாள். வாலு, அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் எதிரில் நிற்கும்போது என்னை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கையைப் பிடித்து நான்தான்டி, நான்தான் என்றேன். யாரோ ஒருவன் கையைப் பிடித்துவிட்டான் என்று அவள் அலறிய அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அலறி முடித்ததும் வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் பதறாமல் வண்டி ஓட்டு என்று சொல்லிக்கொடுக்கிறவன், அன்றைக்கு என் வண்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பெரியம்மாவுக்குப் போன் செய்து, அவள் வந்து அம்மாவைப் பின் சீட்டில் மடியில் போட்டுக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனோம். வழியெல்லாம் அம்மா பெரியம்மாவிடம், இந்த டிரைவர் மெதுவா ஓட்டுறாரு, நல்ல ஆளு என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரத்தத்துல கால்சியம் ரொம்ப ரொம்ப ஏறியிருக்கு, அதனாலதான் புத்தி தடுமாறுது, கிட்னியும் திணறுது என்றார். கால்சியம் எப்படி ஏறும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இந்த ரத்த நோய் உள்ளவங்களுக்கு அபூர்வமா நோய் திடீர்னு குணம் மாறி வேகம் எடுக்கும், அப்பவும் இப்படி ஆகலாம், ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம் என்றார். எனக்கு அதற்கப்புறம் அவர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. சுவரில் கை கழுவும் முறை என்று படம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்தது, வந்துவிட்டது, இத்தனை வருஷம் வாசலில் நின்றது உள்ளே வந்துவிட்டது, பிள்ளைக்கு என்ன சொல்வேன், அதுவும் இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு என்ன சொல்வேன் என்று அதே ஓடிக்கொண்டிருந்தது. நீ அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாய். வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன். நான் உன்னிடம் பொய் சொன்னதை நீ எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இல்லை என்றதும் சந்தோஷப்படத் தெரியவில்லை, அப்படியானால் இது என்ன என்ற பயம்தான் கூடியது. அம்மாவுக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ரத்த டாக்டரம்மா வந்தார். வேறு சில பரிசோதனைகளும் அனுப்பியிருந்தாராம், அவற்றின் முடிவு அவர் கையில் இருந்தது. என்னை வெளியே நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் எதிரில் உட்கார்ந்து, வைட்டமின் டி எப்படிக் குடுக்குறீங்க என்று கேட்டார். நீங்கள் சொன்னபடிதான், வாரத்துக்கு ஒன்று, என் கையாலேயே கொடுக்கிறேன் என்றேன். யோசிச்சுச் சொல்லுங்க சார் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது டாக்டர், ஞாயிற்றுக்கிழமை தவறாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, வாரத்துக்கு ஒண்ணுன்னா இப்படி வரவே வராது, எங்க மிஷினால அளக்க முடியாத அளவுக்கு இருக்கு, அது கூடித்தான் கால்சியம் ஏறியிருக்கு, நோய் மாறல, இது வைட்டமினோட நஞ்சு என்றார். வைட்டமின் நஞ்சாகுமா என்று நான் முட்டாள் மாதிரி கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் எனக்குப் பின்னால் ஒரு சத்தம். பெரியம்மா. வாயில் துணியை வைத்துப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுகிறாள்.

பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான்தான் வாங்கிக் குடுத்தேன், அவதான் கேட்டா, என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒண்ணுதான் தர்றாரு, டாக்டர் தினம் ஒண்ணு போடச் சொல்லிட்டாங்க, அவருக்குத் தெரிஞ்சா நோய் முத்திடுச்சுன்னு பயந்துடுவாரு, நீ வாங்கிக் குடுன்னா, சத்து மாத்திரைதானேன்னு நானும் வாங்கிக் குடுத்தேன், தினம் ஒண்ணு போட்டுட்டு இருந்தா, அய்யோ என் தங்கச்சிக்கு என் கையாலயே என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை வாலு. அதிர்ச்சி என்றால் அப்படி ஒரு அதிர்ச்சி. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, பக்கத்துத் தலையணை. நான் ஞாயிற்றுக்கிழமை பதக்கம் கொடுத்துக்கொண்டிருக்க அவள் தினமும் காலையில் நான் குளிக்கிற நேரத்தில் தனியாக விழுங்கியிருக்கிறாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு வந்தது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சட்டைப் பொத்தானை ஏங்க மாத்திப் போட்டிருக்கீங்க என்றாள். அவ்வளவுதான், நர்ஸம்மா முன்னாலேயே நான் அழுதுவிட்டேன். அன்று மாலை டாக்டரம்மா வந்து அவளிடமே நேராகக் கேட்டார், வேற என்னம்மா போட்டீங்க, ஒளிக்காம சொல்லுங்க, சொன்னாத்தான் மருந்து சரியாக் குடுக்க முடியும் என்று. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், பொண்ணு அனுப்பின வைட்டமின் டி சொட்டு மருந்தும் குடிச்சேன் என்றாள். ஆமாம், நீ அனுப்பிய பாட்டில்தான். எலும்பு வலி, இங்கே நல்லது கிடைக்காது, அப்பாகிட்டே சொல்லாதே, பிள்ளைக்கு ஏன் தொல்லை தர்றேன்னு திட்டுவாரு என்று உன்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். நீயும் அம்மா கேட்டாளே என்று அன்போடு அனுப்பியிருக்கிறாய். இதை உனக்கு எழுதவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் இன்னொரு பாட்டில் வரும், இல்லையா. ஆனால் கேள், அந்தப் பாட்டிலால் மட்டும் இது ஆகவில்லை, அது மட்டும் என்றால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று டாக்டரம்மாவே சொன்னார். மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து கொடுத்தோம், ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. நீ இதை உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஏன் செய்தாள் என்று கேட்பாய். நானும் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி, கணக்கு டீச்சர், அதே நோய். வைட்டமின் டி நல்லா இருக்கிறவங்களுக்கு மருந்து ஆரம்பிக்கிற நாள் தள்ளிப் போகுதாம் என்று டீச்சர் எங்கேயோ படித்ததைச் சொல்லியிருக்கிறார். போன பரிசோதனையில் அணுக்கள் கொஞ்சம் கூடியிருந்தன, இப்படியே கூடிக்கிட்டே போனா மருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மருந்து ஆரம்பித்துவிட்டால் விமானத்தில் ஏறவிடமாட்டார்கள், தொற்று வந்துவிடும் என்பார்கள், உன் பிரசவத்துக்கு வர முடியாது. உன் அம்மா இந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒன்று கொஞ்சம் தள்ளிப்போடும் என்றால் தினம் ஒன்று நிறையத் தள்ளிப்போடும், கூடவே சொட்டு மருந்து இன்னும் தள்ளிப்போடும். குழந்தையக் கையில வாங்குற வரைக்கும் தாக்குப்பிடிச்சா போதும்னு நினைச்சேங்க என்றாள். டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். டீச்சர் சொன்னது முழுப் பொய்யில்ல, வைட்டமின் குறைவா இருந்தவங்களுக்குச் சீக்கிரம் மருந்து தேவைப்பட்டதைச் சில ஆராய்ச்சியில பாத்திருக்காங்க, ஆனா வைட்டமின்தான் காரணமா, இல்ல உடம்பு நல்லா இருக்கிறவங்க வெளிய வெயில்ல நடமாடுறதால வைட்டமினும் நல்லா இருக்கான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது, குறைஞ்சிருந்தா சரியான அளவுக்குக் கொண்டுவரணும், அதுக்குத்தான் நான் எழுதிக் குடுத்தேன், அதுக்கு மேல ஊத்தினா நோய் குறையும்னு யாரும் சொல்லலம்மா என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அம்மாவின் அணுக்கள் போன தடவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. கூடவில்லை. அதற்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை, இந்த நோய் அப்படித்தான், சில சமயம் கொஞ்சம் ஏறும், அப்புறம் நின்றுவிடும். மருந்து ஆரம்பிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லவே இல்லை. எந்த நோய்க்குப் பயந்தாளோ அது தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இவள்தான் தன்னையே சாகடிக்கப் பார்த்திருக்கிறாள். இதைக் கேட்டதும் அம்மா முகம் மலர்ந்தது, அப்படின்னா பொண்ணு பிரசவத்துக்கு நான் போலாமா டாக்டர் என்றாள். டாக்டரம்மா கூடாது என்று தலையை ஆட்டினார். இந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், லேசில் இறங்காதாம், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். அதுவரைக்கும் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், கிட்னி தேறுவதைப் பார்க்க வேண்டும், தூரப் பயணம் கூடாது. ஆக, உன் பிரசவத்துக்கு அம்மா வரவில்லை. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும். அம்மா அதைக் கேட்டுப் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேசிவிட்டேன். நான் இருக்கேன் சம்பந்தி, கவலையே படாதீங்க, என் பொண்ணு மாதிரிதான் என்றார்கள், அந்த மனுஷியை நீ எதிர்த்துப் பேசாமல் இரு. நீங்களாவது போங்க என்று உன் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாள், முட்டை வேகவைக்கத் தெரியாதவன் அங்கே வந்து என்ன செய்வேன், இவளை இங்கே விட்டுவிட்டு எந்த மனதோடு வருவேன். இப்போது வீட்டில் பாலுக்கும் தயிருக்கும் தடை, தண்ணீர் மட்டும் கணக்கில்லாமல். ஞாயிற்றுக்கிழமைக் கேப்ஸ்யூலும் இல்லை, டாக்டர் சொல்லும்வரை ஒன்றுமே இல்லை. பெரியம்மா தினமும் வந்து வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே வா என்று நாங்கள் சொன்னால்தான் வருகிறாள், அவளுக்கு நீயே ஒரு தடவை போன் செய்து பேசு, உன் குரல் கேட்டால் தேறிவிடுவாள். பல் டாக்டர் நான் இல்லாத வாரத்தில் வேறு ஆளிடம் ஓட்டி ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டாராம், அதை அம்மாவிடம் சொன்னேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தாள்.

இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். இனி ஒளிவுமறைவு வேண்டாம் என்று அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, எல்லாத்தையும் எழுதினீங்க, எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சுன்னு எழுதலையே என்றாள். நீ எங்கேடி சொன்னாய், எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய் என்றேன். இப்ப சொல்றேன், எழுதுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடையில் யாராவது கண்ணாடி வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் வந்து கண்ணைச் செக் பண்ணிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த வருஷம் இந்த இடத்தில் நான் நிற்பேனா என்று நினைத்துக்கொள்வாளாம். ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம், நான் பல்லைக் காட்டிக்கொண்டு வண்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் அவளுடைய கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருமாம். கற்றுக்கொள்கிறவருக்கு ஒன்று, பக்கத்து சீட்டில் எனக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் உள்ள வண்டியில் வேலை பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்கன்னா இதையும் போடுங்க, அம்மா தைரியசாலின்னு அவ எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருக்கா, அது இல்லன்னு போடுங்க என்றாள். அதற்கப்புறம் அழுதாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து பயந்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் அழுது முடித்த பிறகுதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நீயும் நல்லபடியாக எழுந்து நடமாட எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, மாப்பிள்ளைக்கும் அப்படியே. ஒன்றை மறக்காதே, உனக்கு அங்கே டாக்டர் எழுதிக் கொடுப்பதைத் தவிர, யார் என்ன நல்லது என்று சொன்னாலும், உன் அம்மாவே சொன்னாலும், கேட்காமல் வாயில் போடாதே. வலி எடுத்ததும் எந்த நேரமானாலும் போன் செய், நாங்கள் இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்துக்கொண்டிருப்போம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

(பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே அம்மா)